வங்கியின் பெயரில் வந்த மின்னஞ்சல்: பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எனக்கு ஓய்வூதியம் வரும் வங்கியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பான் விவரத்தை இன்றிரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் நெட் பேங்கிங் முடக்கப்படும் என்று எழுதியிருந்தது. வங்கியின் சின்னம், என் பெயர் எல்லாம் சரியாகவே இருந்தன. லிங்கை அழுத்தி, பயனர் பெயர், பாஸ்வேர்டு, பிறந்த தேதி ஆகியவற்றைக் கொடுத்தேன். அடுத்த பக்கத்தில் டெபிட் கார்டு எண்ணும் ஓடிபியும் கேட்டபோது சந்தேகம் வந்து மூடிவிட்டேன். பணம் எதுவும் போகவில்லை. இனி என்ன செய்ய வேண்டும்? இப்படிப்பட்ட மின்னஞ்சலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல நேரத்தில் மூடிவிட்டீர்கள். ஆனால் விஷயம் இன்னும் முடியவில்லை. உங்கள் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இப்போது வேறொருவர் கையில் இருக்கின்றன. அதனால் மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்த மின்னஞ்சல் வழியாகப் போகாமல், உங்கள் போனில் ஏற்கெனவே உள்ள வங்கி ஆப்பிலோ, நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்தோ உள்ளே செல்லுங்கள். முடியாவிட்டால் டெபிட் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்து, நெட் பேங்கிங்கைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே போனதும், பணம் அனுப்புவதற்கான பெனிஃபிஷியரி பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் ஏதாவது சேர்ந்திருக்கிறதா, பதிவு செய்த செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதையும் இன்றே மாற்றிவிடுங்கள்.

இதோடு இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். மோசடிக்காரருக்கு இப்போது குறைவது ஓடிபி மட்டும்தான். ஆகவே சில நாட்களில் “வங்கியிலிருந்து பேசுகிறோம்” என்று ஓர் அழைப்பு வரலாம். உங்கள் பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். நீங்கள்தானே கொடுத்தீர்கள், சொல்லத்தான் செய்வார்கள். “யாரோ உங்கள் கணக்கில் நுழையப் பார்க்கிறார்கள், தடுக்க வேண்டும், இப்போது வரும் எண்ணைச் சொல்லுங்கள்” என்பார்கள். ஓடிபி குறுஞ்செய்தியை முழுதாகப் படியுங்கள். அந்த எண் எதற்காக என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்: இத்தனை ரூபாய் அனுப்ப, புதிய பெனிஃபிஷியரி சேர்க்க என்று. வங்கி ஊழியர் யாரும் அந்த எண்ணைக் கேட்க மாட்டார். கேட்டால் பதில் பேசாமல் வைத்துவிடுங்கள்.

சரி, மின்னஞ்சலுக்கு வருவோம். சின்னத்தையும் வண்ணத்தையும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. வங்கியின் தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம். எழுத்துப்பிழை இருந்தால் போலி என்ற பழைய அறிவுரையும் இன்று உதவாது, இப்போது பிழையில்லாமலே எழுதுகிறார்கள். உங்கள் பெயர் தெரிந்திருப்பதிலும் வியப்பில்லை. எங்கெங்கோ கசிந்த பட்டியல்களில் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்தே கிடைக்கின்றன.

பார்க்க வேண்டியது முகவரியைத்தான். மேலே தெரியும் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் என்னவென்றும் வைத்துக்கொள்ளலாம். ஜிமெயில் ஆப்பில் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தொட்டால் உண்மையான முகவரி தெரியும். லிங்கை அழுத்தாமல் விரலை அதன்மேல் சற்று வைத்திருந்தால், அது எங்கே கொண்டுபோகும் என்பது தெரியும். அதில் ‘எச்டிடிபிஎஸ்’ என்பதை அடுத்து வரும் இரட்டைச் சாய்வுக்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். தளம் யாருடையது என்பதை அந்தக் கடைசித் துண்டுகளே தீர்மானிக்கின்றன. முன்னால் வங்கியின் பெயர் எத்தனை முறை வந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் இணையதளங்களை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்பிடி மட்டுமே அந்த முகவரியை வழங்கும், அதுவும் வங்கிகளுக்கு மட்டும். உதாரணமாக ஸ்டேட் பேங்கின் தளம் ‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்’. ஆனால் அது முகவரியின் முடிவில் இருக்க வேண்டும். ‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன் டாட் கேஒய்சி டாட் காம்’ என்று நீண்டால் அது வேறு யாரோ. ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் எம் போலவே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள். தகவல் போகும் வழியில் யாரும் படிக்க முடியாது என்றுதான் அதற்குப் பொருள். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது.

மின்னஞ்சலோடு எச்டிஎம்எல் கோப்பு, அதாவது இணையப் பக்கமாகத் திறக்கும் கோப்பு, சேர்ந்து வந்தால் திறக்கவே வேண்டாம். போலி உள்நுழைவுப் பக்கம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு, இன்னும் மோசம். நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளையே அது படிக்கக்கூடும்.

இவ்வளவும் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது வேறு: மின்னஞ்சல் உண்மையா பொய்யா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லவே தேவையில்லை. அதை மூடிவிட்டு ஆப்பைத் திறங்கள், அல்லது கிளைக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். பான் விவரம் நிஜமாகவே பாக்கி என்றால் அங்கே தெரிந்துவிடும். ‘இன்றிரவுக்குள்’ என்ற சொல் உங்களை அங்கே போகவிடாமல் தடுக்கத்தான் எழுதப்படுகிறது.

ஒருவேளை பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள், தாமதம்தான் அதிக நஷ்டம் தரும். உடனே வங்கிக்குச் சொல்லி, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கையோடு சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரே பாஸ்வேர்டு, ஓடிபி போன்றவற்றைக் கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. புகாருக்குப் பின் ஏற்படுவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் நேரத்தைக் குறிக்கச் சொல்கிறேன். வங்கி 30 நாட்களில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

புகார் கொடுத்த பிறகு “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று சைபர் கிரைம் போலீஸ் பெயரிலோ வக்கீல் பெயரிலோ யாராவது அழைத்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்களைத் தேடிப் பிடித்து இரண்டாவது முறை ஏமாற்றுவது மோசடிக்காரர்களுக்கு வழக்கமான வேலை.