கண்வலிக்கிழங்க அவிச்சுத் திங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க தோட்டத்து வேலியோரமா மண்ணு வெட்டும்போது கலப்பை மாதிரி வளைஞ்ச கிழங்கு நாலஞ்சு கிடைச்சுதுங்க. உள்ள வெள்ளையா இருக்கு. வள்ளிக்கிழங்கு மாதிரி அவிச்சுத் திங்கலாம்னு ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் அது கண்வலிக்கிழங்குங்கறார். நல்லா வேக வச்சா விஷம் போயிடாதா? (ஒரு வாசகி, அரவக்குறிச்சி பக்கம்)

பதில்: வேணாம்மா, ஒரு துண்டு கூட வாயில வச்சுடாதீங்க. நீங்க சொல்ற அந்த வளைஞ்ச வடிவத்த வச்சுத்தான் அதுக்கு கலப்பைக்கிழங்குன்னே பேரு, கண்வலிக்கிழங்குங்கறதும் இதுதான், நம்ம மாநிலப் பூ செங்காந்தளோட கிழங்கு. கார்த்திகைல பூக்கறதால கார்த்திகைப்பூன்னும் சொல்லுவாங்க. அதுல கோல்ச்சிசின்னு ஒரு விஷம் இருக்கு, கொடி, இலை, பூன்னு எல்லாத்துலயும் இருந்தாலும் கிழங்குலயும் விதையிலயும்தான் அதிகம், எவ்ளோ நேரம் வேக வச்சாலும் போகாது. சாப்பிட்டு சில மணி நேரம் ஒண்ணும் தெரியாது, அதனாலதான் ஏமாந்துடறாங்க. அப்புறம் தொண்டை எரிச்சல், வாந்தி, காலரா மாதிரி பேதி, அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல ரத்த அணுக்கள் குறைஞ்சு கிட்னி, இதயம் எல்லாம் அடிவாங்கும். பிழைச்சு வந்தவங்களுக்கும் ரெண்டு வாரத்துக்குள்ள தலைமுடி கொத்துக்கொத்தா கொட்டும். இதுக்குன்னு தனியா மாற்று மருந்து கையில இல்ல, அதனால யாராவது தெரியாம சாப்பிட்டுட்டா வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே 108க்கு போன் பண்ணுங்க, மிச்சம் இருக்கற கிழங்கயும் கையோட எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

கொடி இருக்கும்போது அடையாளம் சுலபம். காந்தள் இலையோட நுனி சுருண்டு பற்றுக்கம்பி மாதிரி பக்கத்துச் செடிய பிடிச்சுக்கும், வள்ளிக்கிழங்கு இலை இதய வடிவத்துல இருக்கும், நுனி அப்படி சுருளாது. கோடைல கொடி காய்ஞ்சு போயி கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள தூங்கும் பாருங்க, அப்பதான் இந்த ஆபத்தே. ஐரோப்பாவுலயும் இதே கதைதான், காட்டுப்பூண்டு இலைன்னு நெனச்சு இதே கோல்ச்சிசின் இருக்கற வேறொரு செடியோட இலைய பறிச்சுத் தின்னு செத்தவங்க இருக்காங்க. எடுத்த கிழங்க வெங்காயக் கூடை பக்கம் வைக்காதீங்க, குழந்தைங்க இருந்தா இன்னும் உஷாரா இருங்க.

கேள்வி: மூட்டு வலிக்கு இது நல்ல மருந்துன்னு பாட்டி சொல்லுவாங்க, சுகப்பிரசவத்துக்கு அரைச்சு தொப்புள்ல பூசுவாங்களாமே, உண்மையா?

பதில்: மருந்துங்கறது உண்மைதான், ஆனா வீட்டு மருந்து இல்ல. கவுட்னு சொல்ற யூரிக் ஆசிட் மூட்டு வலிக்கு டாக்டருங்க குடுக்கற கோல்ச்சிசின் மாத்திரைல ஒரு மாத்திரைல இருக்கறது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கிழங்குல எவ்ளோ இருக்குன்னு கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியாது, இந்த கிழங்குக்கும் அடுத்த கிழங்குக்குமே மாறும். சித்த மருத்துவத்துலயும் சுத்தி, அதாவது நச்ச குறைக்கற பக்குவம், செய்யாம இத தொடவே மாட்டாங்க, அத வீடியோ பாத்து வீட்டுல செய்யாதீங்க. பிரசவத்துக்கு பூசற பழக்கம் இருந்தது நெசந்தான், இப்ப அத கண்டிப்பா செய்யக்கூடாது, தாய், பிள்ளை ரெண்டு உயிர் சம்பந்தப்பட்டது.

கேள்வி: செங்காந்தள் கிழங்க பூந்தொட்டில வச்சேன், பூ அள்ளி அள்ளி பூக்குது, ஒரு காய் கூட பிடிக்கல. ஏன்?

பதில்: எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது! பூவ பக்கத்துல போயி பாருங்க, மகரந்தத்த வாங்கிக்கற சூல்தண்டு அடியிலேயே மடங்கி ஒரு பக்கமா நீட்டிட்டு நிக்கும், மகரந்தப்பை எல்லாம் வெளிப்பக்கமா விலகி இருக்கும், ரெண்டும் தானா தொட்டுக்காது. காட்டுல வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் அந்த வேலைய செய்யுது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் ஏக்கர் கணக்குல போட்டிருக்கறவங்க காலைல எட்டு மணிலேர்ந்து பதினொரு மணிக்குள்ள கையாலயே மகரந்தத்த எடுத்து பூ பூவா தொட்டு வைப்பாங்க. நீங்களும் பெயிண்ட் பிரஷ்ஷால ஒரு பூவோட மகரந்தத்த இன்னொரு பூவுக்கு தொட்டு விடுங்க, காய் பிடிக்கும்.

மத்தபடி பெரிய வித்தை இல்ல. ஆடில நடணும், செம்மண்ணோட மணல் கலந்த, தண்ணி நிக்காத மண்ணு, நின்னா அழுகிடும். கிழங்கோட ஒவ்வொரு முனையிலயும் ஒரே ஒரு முளைதான், அது ஒடிஞ்சா அந்தப் பக்கம் முளைக்கவே முளைக்காது, அதனால முட்டை மாதிரி பாத்து எடுங்க. ஏறறதுக்கு காஞ்ச கிளையோ கம்பியோ குடுங்க. காய் பச்சை வெளிறி சுருங்க ஆரம்பிச்சதும் பறிச்சு நிழல்ல உலர்த்தறாங்க, அந்த விதைதான் மருந்து கம்பெனிக்கு போகுது. கொடி காஞ்சதும் தண்ணிய நிறுத்திடுங்க, கிழங்கு தூங்கட்டும், அடுத்த மழைக்கு தானா வரும். விதைலேர்ந்து வளத்தா பூக்க மூணு நாலு வருஷம் ஆகும், பொறுமை வேணும்.

குறிஞ்சிப்பாட்டுல வர்ற 99 பூவுல முதல் பூவே காந்தள்தான், அப்படிப்பட்டத காட்டுக்குள்ள போயி தோண்டிட்டு வராதீங்க, ஏற்கனவே ரொம்ப தோண்டி எடுத்துதான் பல இடத்துல குறைஞ்சு போச்சு. பயிர் பண்ற விவசாயிங்ககிட்ட ரெண்டு கிழங்கு கேட்டு வாங்கி வைங்க.