செட்டிங் நேரத்தில் டீ வாங்கப் போகும் பையன்

கேள்வி: கோவை கணபதியில், கணினியில் இயங்கும் சி.என்.சி. மெஷின்களில் பிறருக்குப் பாகம் செய்து தரும் ஜாப் ஆர்டர் பட்டறை நடத்துகிறேன். பம்ப் பாகங்கள்தான் அதிகம். மொத்தம் 14 பேர். நாலு பேர் அப்பா காலத்து ஆட்கள், மற்றவர்கள் 19 முதல் 24 வயதுப் பையன்கள். ஒருத்தனும் நாலு மாதம் தாண்டுவதில்லை. மெஷின் ஓடும்போதே செல்போன். ஊர் நோன்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, போனால் ஒரு வாரம் ஆளில்லை. ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் வாட்ஸ்அப்பில் 'வேற வேலை கெடச்சிருச்சுங்ணா' என்று வருகிறது. டீ வாங்க அனுப்பினால்கூட அரைமணி நேரம் ஆக்குகிறார்கள். எங்கள் சீனியர் செட்டர் அண்ணன் (ஒவ்வொரு ஜாப்புக்கும் மெஷினைத் தயார் செய்து செட்டிங் போடுகிறவர், 57 வயது, 31 வருடமாக இருக்கிறார்) செட்டிங் போடும் நேரத்தில்தான் அனுப்புவார் என்பதால் பெரிய நட்டமில்லை, ஆனாலும் ஒழுங்கு வேண்டாமா? நாங்கள் அடி வாங்கித் தொழில் கற்றவர்கள். எம்.பி.ஏ. படிக்கும் மகள் இது தலைமுறைப் பிரச்சினை, மோட்டிவேஷன் வகுப்பு வையுங்கள் என்கிறாள். 15,000 ரூபாய்க்கு ஒரு பேச்சாளரைப் பேசி வைத்திருக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கணபதி, கோவை

பதில்: முதலில் அந்தப் பேச்சாளரை வேண்டாம் என்று சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போகட்டும்.

உங்களைப் போன்றவர்களின் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. ஊர் மாறும், தொழில் மாறும், புகார் மாறாது. செல்போன், திங்கட்கிழமை, மரியாதை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த டீக்கு வருகிறேன். பையன் அரைமணி நேரம் ஆக்குகிறான் என்பதற்காக அதை எழுதினீர்கள். எனக்குக் கண்ணில் பட்டது, அவன் எப்போது அனுப்பப்படுகிறான் என்பது.

செட்டிங் போடும் நேரம்தானே உங்கள் தொழிலில் கற்றுக்கொள்கிற நேரம்? பீஸைப் பிடிக்கும் சாஃப்ட் ஜாவை அளவுக்குக் குடைந்து போர் அடிப்பது, டூல் தொடுவது, ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்) எடுப்பது, முதல் பீஸை அளந்து திருத்துவது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது பீஸை மாட்டி, கதவைச் சாத்தி, பட்டனை அமுக்குவது. சரியாக அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் அண்ணன் பையனைத் தெருவுக்கு அனுப்புகிறார். இது தற்செயல் என்று நீங்களும் நம்பவில்லை. நம்பியிருந்தால் 'செட்டிங் போடும் நேரத்தில்தான்' என்று அவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

'பெரிய நட்டமில்லை' என்கிறீர்கள். யாருக்கு?

அந்தப் பையனின் எட்டு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பீஸுக்கு இரண்டரை நிமிஷம் சைக்கிள் டைம் என்றால் அந்த இரண்டரை நிமிஷமும் அவன் கூலன்ட் தெறிக்கிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்சர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய போர் சைஸ் (துளையின் அளவு) குறைந்துகொண்டே வருவது கேஜ் வைத்துப் பார்க்கிற அவனுக்குத் தெரிகிறது. பத்து மைக்ரான் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும். ஆனால் ஆஃப்செட் பக்கத்தைத் தொடக்கூடாது, அண்ணனைக் கூப்பிட வேண்டும், அண்ணன் வேறு மெஷினில் இருப்பார். ஐ.டி.ஐ. முடித்தவனோ டிப்ளமோ முடித்தவனோ அங்கே நின்று வேறென்ன செய்வான்? போனைத்தான் எடுப்பான். நாலாவது மாதத்தில், இங்கே இருந்தால் நாற்பது வயதிலும் கதவைத்தான் சாத்திக்கொண்டிருப்போம் என்று புரிகிறது. அடுத்த தெருவில் 500 ரூபாய் கூடக் கிடைத்தால் போய்விடுகிறான். அங்கேயும் கதவுதான், ஆனால் 500 ரூபாய் கூட. அவன் கணக்கில் என்ன தப்பு?

அடி வாங்கித் தொழில் கற்றோம் என்கிறீர்களே, உங்களை அடித்தவர் உங்களைப் பக்கத்தில் நிற்க வைத்தல்லவா அடித்தார்! ஸ்பேனரை மாற்றி எடுத்துக் கொடுத்ததற்கு அடி விழுந்திருக்கும். ஸ்பேனர் உங்கள் கையில் இருந்ததால்தான் விழுந்தது. நீங்கள் இந்தப் பையன்களை அடிப்பதில்லை, நல்லது. ஸ்பேனரையும் கொடுப்பதில்லை.

கோவைக்காரருக்கு ஜி.டி.நாயுடுவைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குஅக்காகக் கழற்றிப் பூட்டித்தான் அவர் மெக்கானிக் ஆனார். அந்தக் கைதான் 1937-ல் மின்மோட்டார் வரைக்கும் போனது. உங்கள் பட்டறைக்கு வந்திருந்தால் அவரையும் டீ வாங்கத்தான் அனுப்பியிருப்பீர்கள்.

இதைப் படித்துவிட்டு நேராகப் போய் அந்த அண்ணன் மீது பாயாதீர்கள். அவர் கெட்டவர் இல்லை, பயந்திருக்கிறார். 57 வயது, கண்ணாடி இல்லாமல் வெர்னியர் தெரியாத வயது. ஒரு பையன் செட்டிங் கற்றுக்கொண்டால், பாதிச் சம்பளத்துக்கு அவனை வைத்துக்கொண்டு முதலாளி நம்மை அனுப்பிவிடுவார் என்று அவர் நினைக்கிறார். அவர் பார்க்க எத்தனை பட்டறையில் அப்படி நடந்திருக்கும்! கைவசம் உள்ள ஒரே சொத்தைக் காவல் காக்கிறார். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர் நீங்கள். 31 வருடமாகப் போக்கவில்லை. ஏன் என்றால் அது உங்களுக்கும் வசதி. போக முடியாத ஒரு செட்டர், மலிவான பத்துப் பையன்கள். பட்டறை ஓடுகிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். அவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) எடுத்து வைத்திருக்கிறீர்களா? பத்துப் பேர் வேலை பார்த்தாலே சட்டப்படி உண்டு. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 என்றால் வருடத்துக்கு 15,000. 31 வருடத்துக்கு 4,65,000 ரூபாய். இந்தத் தொகை எங்கே இருக்கிறது? பேச்சாளருக்கு ஒதுக்கியிருக்கும் 15,000, இதே கணக்கில் அவருடைய ஒரு வருட உழைப்புக்கான பணம். உங்கள் அப்பா சேர்த்த ஆள் அவர். அப்பாவின் பட்டறையை வாங்கிக்கொண்டவர் அப்பாவின் பொறுப்பையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் இரண்டாவது கருத்து கிடையாது.

ஆகவே அவர் வீட்டுக்குப் போங்கள். பட்டறையில் வைத்துப் பேசக்கூடாது, அங்கே அவர் விறைத்துக்கொள்வார். அவர் மனைவியும் இருக்கும்போது பேசுங்கள். பணிக்கொடைக் கணக்கை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மொத்தமாக இப்போது இல்லையென்றால் எல்.ஐ.சி.யில் குழுப் பணிக்கொடைத் திட்டம் இருக்கிறது, விசாரியுங்கள். அறுபதுக்குப் பிறகும் முடிகிறவரை அவர்தான் மேஸ்திரி, சம்பளம் குறையாது என்று வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். அதன் பிறகு கேளுங்கள்: ஒரு பையனைத் தனியாக செட்டிங் போடும் அளவுக்குத் தேற்றிவிட்டால் மாதம் இவ்வளவு கூடுதல், இரண்டு பையன் என்றால் இவ்வளவு. ஜெர்மன் மெஷின் என்றால் நம் ஊரில் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அங்கே ஒருவர் மைஸ்டர் (தேர்ச்சி பெற்ற தொழில் ஆசான்) ஆக வேண்டுமானால் நான்கு பகுதித் தேர்வு எழுத வேண்டும், அதில் ஒரு பகுதி முழுக்க, சின்னவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது. மெஷினை மட்டும் இறக்குமதி செய்தோம்.

பையன்களிடம் முதல் நாளே முழு செட்டிங்கையும் கொடுக்கச் சொல்லவில்லை. முதலில் தேய்மான ஆஃப்செட்டை மட்டும் கொடுங்கள், அதுவும் விலை குறைந்த எம்.எஸ். (சாதா எஃகு) புஷ் ஜாப்பில். இத்தனை மைக்ரானுக்கு மேல் தொட்டால் அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்று எல்லை வையுங்கள். பீஸ் ரிஜெக்ட் ஆகும். ஆகட்டும், சம்பளத்தில் கை வைக்காதீர்கள். ஆபரேட்டர் எப்போது செட்டர் ஆவான், என்ன தெரிந்தால் என்ன சம்பளம் என்பதைச் சுவரில் ஒட்டுங்கள். அரசின் தொழிற்பழகுநர் திட்டத்திலும் ஆள் எடுக்கலாம். நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ள பட்டறைகளுக்கு அது விருப்பம்தான், கட்டாயமில்லை. உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கும். ஆனால் அதில் கற்றுக்கொடுப்பதாக ஒப்பந்தம் போடுகிறீர்கள். டீக்கு அனுப்புவதாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பையன்களுக்கும் சலுகை காட்ட மாட்டேன். ஓடுகிற மெஷின் பக்கத்தில் போன் கூடாது. பெட்டி வைத்துப் பூட்டுங்கள், இடைவேளையில் கொடுங்கள். சொல்லாமல் வேலைக்கு வராமல் நிற்பது வளர்ப்புக் கோளாறு, அதைக் கண்டிக்க உங்களுக்கு உரிமை உண்டு. நோன்பி மட்டும் விட்டுவிடுங்கள். வருடத்தில் ஒரு தடவை அம்மா அப்பாவோடு கோயிலில் நிற்கப் போகிறவனை நான் குறை சொல்ல மாட்டேன். தேதி முன்பே தெரியும், ஷிப்டை மாற்றிப் போடுவது உங்கள் வேலை. டீயைக் கடைக்காரரே கொண்டுவந்து தரட்டும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். வகுப்பில் படித்த தலைமுறைப் பெயர்களை ஒரு வாரம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பட்டறையில் வந்து நிற்கட்டும். அண்ணன் அவளையாவது பக்கத்தில் நிற்க விடுகிறாரா என்று பாருங்கள்.

இவ்வளவு செய்தும் அவர் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்றால்? சொல்லலாம். 31 வருட வைராக்கியம் ஒரு நாளில் இறங்காது. அப்போதும் அந்தப் பணிக்கொடைக் காகிதத்தைத் திரும்ப வாங்காதீர்கள், அதைக் காட்டிப் பேரமும் பேசாதீர்கள். கற்றுக்கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பணம் அவருடையது.