மனாவையோபுனா அருவிக்குப் போவது எப்படி? கேள்வி பதில்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், ஹனபேபே பள்ளத்தாக்குக்குள் ராபின்சன் குடும்பத்தின் நிலத்தில் விழுகிறது இந்த அருவி. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

ஜுராசிக் பார்க் படத்தில் வந்த அருவி இதுதானா? நடந்து போகலாமா? (கோவை)

இதுதான். 1993இல் வந்த அந்தப் படத்தில் ஹெலிகாப்டர் வந்து இறங்கும் காட்சியில் பார்த்திருப்பீர்கள். உயரம் சுமார் 400 அடி. நடந்து போக முடியாது. ஹெலிகாப்டர்களில் பல மேலே ஒரு வட்டமடித்துவிட்டுத் திரும்பிவிடும். அருவியடியில் இறங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். பணம் கட்டும் முன்பே "இறங்குமா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த நாளில் பதிவு செய்வது நல்லது? (பெங்களூரு)

தீவுக்கு வந்த முதல் இரண்டு நாட்களுக்குள். கடைசி நாளில் மட்டும் வேண்டாம். உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வையாலேயாலே மலை இந்தத் தீவின் நடுவில்தான் இருக்கிறது. 2018 ஏப்ரலில் வடகரையில் 24 மணி நேரத்தில் 1,262 மில்லிமீட்டர் கொட்டியது. அது அமெரிக்கச் சாதனை. மேகம் இறங்கினால் பயணம் ரத்தாகும். அப்போது விமானியிடம் வாதாடாதீர்கள். 2019 டிசம்பர் 26 அன்று இதே தீவில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் மோசமான வானிலைக்குள் பறந்து மலையில் மோதியது; அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். முதல் நாளே பதிவு செய்திருந்தால் ரத்தானாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

குற்றாலத்தில் நிற்பதுபோல் அருவிக்கு அடியில் நின்று குளிக்கலாமா, அம்மா? (தென்காசி)

அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீரோடு கல்லும் விழும். ஹவாய் ஓடைகளில் எலிக்காய்ச்சல் கிருமியும் உண்டு. காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது.

ஹவாயில் கடற்கரை எல்லாம் பொதுச் சொத்து என்கிறார்கள். அருவிக்கு மட்டும் எப்படி ஒரு குடும்பம் சொந்தம் கொண்டாடுகிறது? (மதுரை)

நிலம் அவர்களுடையது, தண்ணீர் அவர்களுடையது அல்ல. இதைத் தீர்த்து வைத்ததே இந்த ஹனபேபே ஆறுதான். ஆற்றுநீர் யாருக்கு என்று இரண்டு கரும்புத் தோட்டத்தார் வழக்காடினார்கள்: ஒருபக்கம் மெக்பிரைட் நிறுவனம், மறுபக்கம் ராபின்சன் தரப்பு. 1973இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் இருவருக்கும் இல்லை என்றது. 1848இல் அப்போதைய ஹவாய் மன்னர் நிலங்களைப் பிரித்துக் கொடுத்தபோது தண்ணீரைக் கொடுத்துவிடவில்லை, அதை மக்களுக்காக அரசு காக்க வேண்டும் என்பது தீர்ப்பு. 1978இல் ஹவாய் மாநில அரசியல் சட்டத்திலேயே அது ஏறியது.

தண்ணீர் மக்களுடையது என்றால் மக்கள் போய்ப் பார்க்கக் கூடாதா? காசு உள்ளவன் மட்டும் ஹெலிகாப்டரில் போவது என்ன நியாயம்? (மீண்டும் மதுரை)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இதே குடும்பத்தின் முன்னோர் 1864இல் நீஹாவ் தீவு முழுவதையும் பத்தாயிரம் டாலருக்கு மன்னரிடமிருந்து வாங்கினார்கள் என்று படிக்கும்போது எனக்கும் நெஞ்சு கொதிக்கும். ஆனாலும் ஆற்றுநீர் மீதான பொது உரிமை, கரையிலுள்ள நிலத்தின் வழியே நடக்கும் உரிமையாகிவிடாது. பூர்வகுடி ஹவாய் மக்களின் மரபான தேவைகளுக்காகச் சட்டம் வழி விடுகிறது. படம் எடுக்க வரும் உங்களுக்கும் எனக்கும் அல்ல. பள்ளத்தாக்குக்குள் சாலை போட்டால் என்ன மிஞ்சும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். கட்டணம் அதிகம் என்ற குறையை ஏற்கிறேன். வேலியைத் தாண்டலாம் என்ற முடிவை ஏற்க மாட்டேன்.

ஆற்றின் ஓரமாகவே நடந்தால் அருவி வந்துவிடாதா? (திருச்சி)

முதல் பதிலைப் படியுங்கள்.

உள்ளூர்க்காரர் யாராவது கூட்டிப் போவார்களா? (சேலம்)

அழைப்பவர் நில உரிமையாளரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதுவும் அத்துமீறல்தான். திடீர் வெள்ளத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டால் மீட்க வருபவர்களின் உயிருக்கும் ஆபத்து. நடைவழி பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

என் எடை 110 கிலோ. ஏற்றிக்கொள்வார்களா? (ஈரோடு)

எல்லோரையும் எடை பார்த்துத்தான் இருக்கை ஒதுக்குவார்கள். கூடுதல் கட்டணம் இருக்கலாம். உண்மையான எடையைச் சொல்லுங்கள்.

செலவில்லாமல் பார்க்க ஏதாவது அருவி உண்டா? (யாழ்ப்பாணம்)

வைலுவா, ஓபைகாஆ. இரண்டையும் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். அந்தப் பக்கம் போனால் வைலுவா ஆற்றங்கரையில் கருங்கல்லால் எழுப்பிய இறைவன் கோயிலையும் பாருங்கள். யோகர் சுவாமிகளின் சீடர் சிவாய சுப்பிரமுனியசுவாமி தொடங்கிய ஆதீனம் அது. 2023இல் கும்பாபிஷேகம் நடந்தது. பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு காலையில் போங்கள்.