கேப்டன் சுபாசா: ட்ரீம் டீம் என்கிற மொபைல் கால்பந்து கேமில் ஆன்லைன் ஆட்டம் எல்லாம் தோற்கிறேன். புதிதாக ஆடுபவர் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் சொல்லாவிட்டாலும் நடந்தது தெரிகிறது. கதைப் பகுதியை ஜாலியாக முடித்துவிட்டு ஆன்லைன் பக்கம் வந்திருப்பீர்கள். அங்கே எவனோ ஹ்யூகா என்கிற ஃபார்வர்டின் புத்தம்புது கார்டை இறக்கி நாலு கோல் போட்டுவிட்டுப் போயிருப்பான். "நம்மிடம் நல்ல பிளேயர் இல்லை" என்று கை தானாக ட்ரீம்பால் (பிளேயர் கார்டுகளைக் குலுக்கலில் இழுக்கச் செலவாகும் கேம் நாணயம்) பக்கம் போயிருக்கும். முதலில் அதை நிறுத்துங்கள்.

இந்த கேமில் பந்தை உதைப்பது நம் வேலையே இல்லை. இரண்டு பேர் நேருக்கு நேர் வந்ததும் ஆட்டம் நிற்கிறது. பந்து வைத்திருப்பவர் ட்ரிபிள், பாஸ், ஷாட் இவற்றில் ஒன்றை எடுக்கிறார். எதிரில் இருப்பவர் டேக்கிள், இன்டர்செப்ட், பிளாக் என்று பதில் எடுக்கிறார். எதிராளி எடுத்ததைச் சரியாகக் கணித்துவிட்டால் உங்கள் ஆளின் பலம் ஏறும். தப்பினால் பெரிய கார்டும் தடுமாறும். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ஒத்தையா ரெட்டையா கேட்போமே, அதே கதைதான். ஆனால் இங்கே எதிராளியின் கையைப் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிட முடியும்.

எப்படி என்றால், என் சித்தி பையன் கதையைச் சொல்ல வேண்டும். பொங்கல் லீவுக்குப் பாட்டி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். பிறந்தநாளுக்கு மாமா கொடுத்த காசை முழுக்க இந்த கேமில் கொட்டியிருந்தான் பயல். என் டீமைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, ரிட்டயர் ஆனவங்க டீமா?" என்றான். சரி வாடா என்று ஃப்ரெண்ட்லி மேட்ச் போட்டோம்.

அவன் நடு மைதானத்தில் வந்தால் ட்ரிபிள். கோல் பக்கம் ஹ்யூகா காலில் பந்து பட்டால் ஷாட். இதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. ஹ்யூகா பாக்ஸுக்குள் வந்தபோது அவன் எதிரே நின்றது என் இஷிசாகி. யார் வேண்டுமானாலும் வைத்திருக்கிற சாதா கார்டு. இந்த கேமுக்கு மூலமான மங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) படித்தவர்களுக்குத் தெரியும், இஷிசாகி பந்தை மூஞ்சியாலேயே தடுக்கிற ஆள். பிளாக் எடுத்தேன். ஹ்யூகாவின் ஸ்பெஷல் அடியான டைகர் ஷாட் நேராக இஷிசாகி முகத்தில் மோதி, வேகம் பாதியாகி, என் கோல்கீப்பர் கைக்குள் போய் உட்கார்ந்தது. "மூஞ்சியில பட்டா எப்படிண்ணே நிக்கும்?" என்று கத்தினான். இரண்டாம் பாதியிலும் அதையே செய்தான், அதுவும் நின்றது. கடைசியில் என் டீமின் மிசாகியும் சுபாசாவும் ஒன்-டூ (மாறி மாறிப் பாஸ்) ஆடிக்கொண்டு பாக்ஸுக்குள் நுழைந்து ஒரு டிரைவ் ஷாட். 1-0. தன் கட்டைவிரலைப் பார்த்துத்தான் நான் ஜெயித்தேன் என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். பொய். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அதனால் நான் சொல்வது, கார்டு சேர்ப்பதற்கு முன்னால் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். யோயிச்சி தகாஹாஷி 1981இல் தொடங்கிய மங்காவில் ஒவ்வொருவனுக்கும் இருக்கிற குணம் கேமிலும் பெரும்பாலும் அப்படியே வருகிறது. ஹ்யூகா முட்டி மோதி ஷாட் அடிப்பான். மிசாகியிடம் பந்து இருந்தால் முதலில் பாஸைத்தான் சந்தேகப்பட வேண்டும். தச்சிபானா இரட்டையர் என்றால் கண் மேலே இருக்கட்டும், காற்றில் எகிறி அடிக்கிற ஆட்கள். பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்தால் கீப்பர் வகாபயாஷியிடம் கோல் விழாது என்பது கதையிலேயே பிரசித்தம், அவன் கார்டுகள் பலவற்றிலும் அந்தக் குணம் உண்டு. அவனுக்கு எதிராகத் தூரத்திலிருந்து அடித்துப் பார்ப்பது வீண். எந்த கீப்பராக இருந்தாலும் தூரம் கூடக் கூட ஷாட்டின் பலம் குறையும். இன்னொரு கீப்பர், கராத்தே வீட்டுப் பிள்ளை வகாஷிமசு பந்தைக் குத்தித் தள்ளுவான். தள்ளிய பந்தை எடுக்கப் பக்கத்தில் ஆள் வைத்திருங்கள்.

"டாப் ரேங்க்கில் இதெல்லாம் எடுபடாது" என்று எழுத வருகிறவர்களுக்கு: தெரியும் சார். கேட்டவர் டாப் ரேங்க்கில் இல்லை. "பெரியவர்கள் ஆடுகிற கேமா இது, கார்ட்டூன்" என்பவர்களுக்கும் ஒன்று. 2008 யூரோ இறுதிப்போட்டியில் கோல் அடித்து ஸ்பெயினுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஃபெர்னாண்டோ டோரஸ், தனக்குக் கால்பந்து ஆசை வந்ததே இந்தக் கார்ட்டூனை டிவியில் பார்த்துத்தான் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஸ்டாமினாவை மறந்துவிடாதீர்கள். ஸ்பெஷல் ஷாட், ஸ்பெஷல் சேவ் எல்லாமே அதைத் தின்னும். முதல் பாதியிலேயே எதிராளியின் கீப்பரை வேலை வாங்கிவிட்டால் பிற்பாதியில் அவனிடம் சாதா சேவ்தான் மிச்சம் இருக்கும். உங்கள் சுபாசாவை மட்டும் அதற்குள் காலி பண்ணிவிடாதீர்கள்.

கார்டுகளில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம், ஒன்றுக்கு ஒன்று மடக்கும். பாடமெல்லாம் பண்ண வேண்டாம், ஆட ஆடத் தானே வந்துவிடும். டீம் ஸ்கில் அப்படி இல்லை, அதைக் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஜப்பான் ஆட்களுக்கு மட்டும் பலம் கூட்டும் ஸ்கில்லை வைத்துக்கொண்டு, ஆசைக்கு ஜெர்மனிக்காரன் ஷ்னைடரையும் சேர்த்தால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

சித்தி பையனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் நன்றாகவே நிஜப் பந்து ஆடுவான். அவர்கள் அபார்ட்மென்ட் சங்கத்தில் கார் கண்ணாடி உடையும் என்று "பந்து விளையாடத் தடை" போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஒரு கண்ணாடியும் உடைந்ததில்லை. அதே இடத்தில் சங்கத் தலைவர் மகள் நிச்சயதார்த்தத்துக்கு நடு ராத்திரி வரை ஸ்பீக்கர் வைத்தபோது எந்த போர்டும் இல்லை. பிறகு "எப்பப் பார்த்தாலும் போனு" என்று அதே ஆட்கள் பையனைத் திட்டுகிறார்கள்.

எங்கே விட்டேன், ட்ரீம்பால். ஒவ்வொன்றாக இழுக்காதீர்கள், சேர்த்து வையுங்கள். ட்ரீம் ஃபெஸ்டிவல் என்று சிறப்புக் குலுக்கல் வரும், அப்போது மொத்தமாக இழுங்கள். அதற்கும் முன்னால் வேண்டியது நல்ல கீப்பர்தான். ஃபார்வர்டை வைத்துப் பீற்றிக்கொள்ளலாம், ஆனால் நாலு கோல் வாங்கி வந்தவருக்கு அவன் எதற்கு?