கட்டிக்குள் குடியிருப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

பர்மாவில் பெகுவிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 62 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து வாயில் கூன்யா (புகையிலை வைத்து மடித்த வெற்றிலைபாக்கு) இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. வலது கன்னத்தின் உள்ளே ஒரு புண் ஆறவே இல்லை. சதை எடுத்துப் பார்த்து கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள். ரங்கூனில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. இதற்கிடையில் அண்ணன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "கட்டிக்குள் கிருமி இருக்கிறதாம், அதைக் கொன்றால் கட்டி சுருங்கிவிடுமாம், எலியில் செய்து காட்டியிருக்கிறார்கள்" என்கிறான். மருந்துக்கடையில் மெட்ரோநிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை பத்து அட்டை வாங்கியும் வந்துவிட்டான். (இதைச் சொல்லும்போது அவன் வாயிலும் கூன்யாதான்.) அப்பா கத்திக்குப் பயந்து, மாத்திரையே போதும் என்கிறார். கட்டிக்குள் கிருமி இருப்பது நிஜமா? அதுதான் கேன்சரைக் கொண்டுவந்ததா?

ம., பெகு

அன்புள்ள ம.,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நாள் தள்ளிப்போக விடாதீர்கள். அந்த அட்டைகளை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூட அப்பா வாய்க்குள் போக வேண்டாம். இனி நிதானமாகப் பேசலாம்.

உங்கள் அண்ணன் சொல்வதில் முக்கால்வாசி மெய். ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மீதிக் கால்வாசிதான். கட்டிக்குள் கிருமி இருப்பது நிஜம். 2011-இல் வான்கூவரிலும் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே பெருங்குடல் கட்டிகளைச் சோதித்தபோது, ஃபுசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா அங்கே மண்டிக்கிடப்பதைக் கண்டார்கள். அதற்குச் சொந்த ஊர் வாய். பல்லில் படிகிற அழுக்கில் குடியிருக்கும் ஆசாமி, குடலில் என்ன செய்கிறது? 2017-இல் இன்னொரு செய்தி வந்தது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றோடு இந்தப் பாக்டீரியாவும் மூட்டைமுடிச்சைக் கட்டிக்கொண்டு கூடவே போயிருந்தது. அந்தக் கட்டித் துண்டுகளை எலிகளில் வளர்த்து மெட்ரோநிடசோல் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி மட்டுப்பட்டது. அண்ணன் சொல்லும் எலி இதுவாகத்தான் இருக்க வேண்டும். மட்டுப்பட்டது என்றுதான் சொன்னார்கள், மறைந்தது என்று சொல்லவில்லை. அதுவும் குடல் கட்டி.

உள்ளே போய் அது செய்கிற வேலை கெட்டிக்காரத்தனமானது. குடல் புற்றுச் செல்களின் மேல்பரப்பில் ஒருவகைச் சர்க்கரை அதிகமாக இருக்கிறது. பாக்டீரியாவின் ஃபாப்2 என்ற புரதம் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. கட்டியை அழிக்க வருகிற நம் உடலின் காவல் செல்கள்மீது, வேலையை நிறுத்தச் சொல்லும் பொத்தான் போல ஒன்று உண்டு. அதே புரதம் அதையும் அமுக்கிவிடுகிறது. காவல்காரன் கைகட்டி நிற்கிறான். கணையப் புற்றில் வேறு கதை. 2017-இல் 113 கட்டிகளைப் பார்த்ததில் 86-இல் பாக்டீரியா இருந்தது. அங்கே காணப்பட்ட பாக்டீரியாக்களில் பல, ஜெம்சிடபின் என்ற புற்றுமருந்தையே சிதைத்துவிடக்கூடியவை.

ஆக, குடியிருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. ஆனால் நீங்கள் கேட்டது வேறு: கொண்டுவந்தவர்கள் அவர்களா என்று.

எங்கள் தெருமுனைக் குப்பைமேட்டில் ராத்திரியானால் ஏழெட்டு நாய்கள் கூடிவிடும். பைகளைக் கிழித்து, தெரு முழுக்க இழுத்துப் போடும். காலையில் பார்க்கிறவனுக்கு எல்லாம் நாய்களின் வேலையாகத்தான் தெரியும். குப்பையைக் கொண்டுவந்து கொட்டியவர்கள் நாங்கள். புற்றுக்கட்டியும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே ரத்த ஓட்டம் சரியில்லை, உயிர்க்காற்று குறைவு, காவலும் குறைவு. உயிர்க்காற்றே ஆகாத பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்? 2022-இல் வாய்ப் புற்றிலும் குடல் புற்றிலும் இடம் இடமாகப் பார்த்தபோது, பாக்டீரியா எங்கும் பரவியிருக்கவில்லை. காவல் செல்கள் எட்டிப்பார்க்காத சந்துகளில்தான் கூட்டம் கூட்டமாய் இருந்தது.

குப்பையைக் கொட்டுகிற கிருமியும் உண்டு. வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் அப்படிப்பட்டது. வயிற்றுப்புண்ணுக்கு அதுதான் காரணம் என்று யாரும் நம்பாதபோது, பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-இல் அதை வளர்த்துத் தானே குடித்து, வயிற்று அழற்சி வந்து படுத்தார். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு அமைப்பு அதைப் புற்றுக்காரணி என்று அறிவித்தது. அதே அமைப்பு புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருளை 1985-இலேயே அந்தப் பட்டியலில் வைத்துவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் வெறும் பாக்கே போதும் என்று 2004-இல் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் அப்பா விஷயத்தில் நான் கிருமியைத் தேட மாட்டேன்.

எங்கள் கட்டடத்தின் கீழேயே ஒரு கூன்யாக் கடை இருக்கிறது. அந்தம்மா வெற்றிலையை விரித்து, சுண்ணாம்பை ஒரே இழுப்பில் தடவி, பாக்குச் சீவலும் புகையிலையும் வைத்து மடித்துச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். என் பெரியப்பா முப்பது வருடம் அப்படி நின்றவர். கடைசிக் காலத்தில் கரண்டி நுழைகிற அளவுக்குக்கூட அவர் வாய் திறக்கவில்லை. பெரியம்மா கஞ்சியை உறிஞ்சுகுழலில் கொடுப்பார்.

அண்ணனிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. 2024-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தலை, கழுத்துப் புற்றுகளைப் பார்த்தார்கள். வாய்ப் புற்றும் இந்த வகைதான். அங்கே ஃபுசோபாக்டீரியம் இருந்த நோயாளிகள், இல்லாதவர்களைவிட நன்றாகப் பிழைத்திருந்தார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் அது புற்றுச் செல்களைக் கொன்றும் காட்டியது. குடலில் கூட்டாளி, வாயில் எதிரி! இதை வைத்துக்கொண்டு பாக்டீரியாவை வளர்க்கச் சொல்லவில்லை. எலியின் குடல் கட்டியில் பார்த்ததை அப்பாவின் கன்னத்துக்குத் தூக்கிவர முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

இந்தத் துறையே இன்னும் தடுமாறுகிறது. ரத்தத்திலும் கட்டியிலும் உள்ள நுண்ணுயிர்த் தடயத்தை வைத்துப் பலவகைப் புற்றை அடையாளம் காணலாம் என்று 2020-இல் 'நேச்சர்' இதழில் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. மனித டிஎன்ஏவையே பாக்டீரியாவுடையது என்று எண்ணியிருக்கிறார்கள் என மற்றவர்கள் காட்ட, 2024-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்காக எல்லாமே கதை என்று ஒதுக்கவும் மாட்டேன். தோளில் காசநோய்த் தடுப்பூசித் தழும்பு இருக்கிறதல்லவா? அதே பிசிஜி பாக்டீரியாவை உயிரோடு சிறுநீர்ப்பைக்குள் விட்டு, அங்குள்ள ஆரம்பநிலைப் புற்றுக்கு வைத்தியம் செய்கிறார்கள். பல வருடமாய் நடக்கிற வைத்தியம்.

டாக்டரிடம் போகும்போது பல்லையும் ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வைத்தியம் இருந்தால் சொத்தைப் பல் பெரிய தொல்லை கொடுக்கும்.

அண்ணனையும் கூடவே அழைத்துப் போங்கள். புறப்படும் முன் கண்ணாடி முன்னால் நின்று, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால், அன்றைக்கு டாக்டரின் நாற்காலியில் அப்பாவுக்கு அடுத்து அவரும் உட்கார வேண்டும்.