திடீரென்று ஆடக் கூப்பிட்டால் டிராலி பேட்டரி தயாரா?

குளிர்காலம் வந்தாலே பிரிட்டனில் கோல்ஃப் ஆடும் நம்மவர்கள் கேட்பது பெரும்பாலும் டிராலி, அதாவது கோல்ஃப் பையைச் சுமந்து போகும் மின்சார வண்டியின் பேட்டரி பற்றித்தான். இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்து.

தரை ஈரம் என்று கிளப்பில் மூன்று வாரமாக டிராலிக்குத் தடை. ஒரு நாள் காலையில் திடீரென்று "இன்று கொண்டுவரலாம்" என்றார்கள். போனால் பாதி ரவுண்டிலேயே டிராலி நின்றுவிட்டது. லெட் ஆசிட் பேட்டரி. ஏன் இப்படி?

கடைசியாக ஆடிவிட்டு வந்த அன்று மாலை என்ன செய்தீர்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரியைச் சார்ஜ் குறைந்த நிலையில் விட்டுவைத்தால் உள்ளே தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகிவிடும், அப்புறம் எத்தனை மணி நேரம் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுதாகத் திரும்பாது. ஒன்பது ஹோல்தான் (பாதி ஆட்டம்தான்) ஆடினேன் என்றாலும் சரி, வீட்டுக்கு வந்ததும் ஷூவில் ஒட்டிய சேற்றைக் கழுவுவதற்கு முன்பே சார்ஜில் போட்டுவிடுங்கள். இரவு முழுக்க இருக்கட்டும். நல்ல நிலையில் உள்ள பேட்டரி முழுதாக ஏறியிருந்தால் மூன்று வாரத்தில் பெரிதாக இறங்காது, ஆனால் டிராலியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்.

வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.7 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. கழற்றிய உடனே அளந்தால் 13-க்கு மேல்கூடக் காட்டும், அதை நம்பாதீர்கள். ராத்திரி முழுக்க ஏற்றியும் மறுநாள் 12.4-ஐத் தாண்டவில்லை என்றால் புது பேட்டரி பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

பேட்டரியை டிராலியோடு இணைக்கும் கனெக்டரையும் பாருங்கள். சமீபத்தில் என்னிடம் வந்த ஒரு டிராலியில் பேட்டரி நன்றாகவே இருந்தது, கனெக்டரின் பிளாஸ்டிக் மட்டும் ஒரு ஓரத்தில் பழுப்பேறி இளகியிருந்தது, உள்ளே முனையில் பச்சைக் களிம்பு. மேட்டில் ஏறும்போது மட்டும் நின்றுபோனதற்குக் காரணம் அதுதான்.

லித்தியம் பேட்டரியை எப்போதும் சார்ஜரிலேயே விட்டுவைத்தால் தயாராக இருக்குமே?

தேவையே இல்லை. முழுதாக ஏறியதும் கழற்றுங்கள், மாதத்துக்கு இரண்டு மூன்று சதவீதம் தானாகக் குறைந்தாலே அதிகம். பல மாதம் ஆடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். நான் பயப்படுவது குளிருக்குத்தான். உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் செல்லுக்குள் நிரந்தரச் சேதம் ஏற்படும். ஜனவரியில் தோட்டத்து ஷெட்டில் வைத்து ஏற்றாதீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து, இரண்டு மூன்று மணி நேரம் அறைச் சூட்டில் இருந்த பிறகு போடுங்கள். வாசல் வழியிலும் மாடிப்படி அடியிலும் மட்டும் வேண்டாம், தீப்பிடித்தால் நீங்கள் வெளியேற வேண்டிய வழி அது.

எட்டு மணிக்கு ஆட வரச்சொல்லி போன், ஒன்பதரைக்கு டீ ஆஃப் (ஆட்டம் தொடக்கம்). ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுப் பயன் உண்டா?

உண்டு. 16 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிக்கு 4 ஆம்ப் சார்ஜர் என்றால் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி ஏறும். அது 18 ஹோல் பேட்டரி என்றால் நாலைந்து ஹோலுக்கு வரும், மேடு அதிகமுள்ள மைதானத்தில் இன்னும் குறையும். ஏற்கெனவே எவ்வளவு இருந்தது என்பதுதான் சிக்கல், ஏனென்றால் லித்தியத்தில் பாதியிருந்தாலும் முக்கால் இருந்தாலும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். நான் பேட்டரி மேல் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, முழுதாக ஏற்றிய தேதியையும் அதற்குப் பிறகு ஆடிய ஹோல்களையும் பென்சிலில் எழுதிவைக்கிறேன்.

பழைய லெட் ஆசிட் சார்ஜரை லித்தியத்துக்குப் போடலாமா?

வேண்டாம். பேட்டரியோடு வந்ததையே போடுங்கள்.

லித்தியம் பேட்டரியைப் போர்ச்சுகலுக்கு விமானத்தில் எடுத்துப் போகலாமா?

மேலே சொன்ன பேட்டரியின் 12.8 வோல்ட்டை 16 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் சுமார் 205 வாட்-மணி. விமான நிறுவனத்தின் அனுமதியோடுகூட உச்சவரம்பு 160தான், அதனால் முடியாது. போர்ச்சுகலின் அல்கார்வே பகுதியில் பல மைதானங்களில் எலக்ட்ரிக் டிராலி வாடகைக்கே கிடைக்கும், புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.