பழைய ஃபோர்டு 8என் டிராக்டர்: கார்புரேட்டரைப் பிரித்துச் சரிசெய்வதா, புதிதாக வாங்குவதா?

கேள்வி: அமெரிக்காவில் ஊருக்கு வெளியே வீடு வாங்கினோம். வீட்டோடு 1951ஆம் வருடத்து ஃபோர்டு 8என் டிராக்டரும் வந்தது. ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஐடிலிங்கில் (பாரமில்லாமல் நின்றபடி ஓடும்போது) வேகம் ஏறி ஏறி இறங்குகிறது. நிறுத்தி வைத்தால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் சொட்டுகிறது. ரிப்பேர் கிட் வாங்கிப் பழையதையே சரிசெய்யலாமா, புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாமா?

பதில்:

பழையதைக் கையை விட்டுவிடாதீர்கள். என்னிடமும் ஒரு 8என் இருக்கிறது. புல் வெட்டவும் பனி தள்ளவும் அதைத்தான் ஓட்டுகிறேன். 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. அதில் வந்தது மார்வெல்-ஷெப்ளர் டிஎஸ்எக்ஸ்-241 வகை கார்புரேட்டர். முழு உடம்பும் வார்ப்பிரும்பு. விரிசல் விடாதவரை, உள்ளே துரு அரித்துக் குழி விழாதவரை, இன்னொரு தலைமுறைக்கும் உழைக்கும்.

நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். சொட்டுவதைக் கிட் சரிசெய்துவிடும். வேகம் ஏறி இறங்குவதைச் சரிசெய்யாமலும் போகலாம். எதை வாங்குவது என்பதை இந்த இரண்டாவதுதான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. கார்புரேட்டர் மேல் போடப்படும் பழியில் பாதிக்கு மேல் பற்றவைப்புப் பக்கத்துக் கோளாறுதான். பிளக்கில் தீப்பொறி நீலமாக, 1/4 அங்குல இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறதா என்று பாருங்கள். 1951 வண்டி என்றால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்டிரிபியூட்டர் என்ஜினின் பக்கவாட்டில் இருக்கும். அதற்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.025 அங்குலம். பிறகு கார்புரேட்டர் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றி ஒரு டப்பாவில் பெட்ரோல் பிடியுங்கள். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் தீ கூடாது. இரண்டு மூன்று நிமிடம் அறுபடாமல் ஓட வேண்டும். முதலில் வேகமாக வந்து பிறகு சொட்டுச் சொட்டாக மாறினால், அடைப்பு மேலே இருக்கிறது: டேங்குக்குள் ஒரு வலை, கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் ஒரு வலை, கார்புரேட்டருக்குள் நுழையும் பித்தளை எல்போவில் ஒரு வலை. கடைசி வலை இருப்பதே பலருக்குத் தெரியாது. எல்போவைக் கழற்றினால்தான் கண்ணில் படும்.

இது எல்லாம் சரி என்றால் த்ராட்டில் ஷாஃப்ட்டுக்கு, அதாவது உள்ளே போகும் கலவையைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் தண்டுக்கு, வாருங்கள். கவர்னர் (வேகத்தைத் தானாகச் சீராக வைக்கும் அமைப்பு) கம்பியைக் கழற்றிவிட்டு, ஷாஃப்டை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எழுபது வருடமாக கவர்னர் அதை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். ஐடிலிங்கில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால் என்ஜின் பலமாக உறிஞ்சும். ஷாஃப்டைச் சுற்றியுள்ள சந்து வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். கலவை மெலியும் (பெட்ரோலின் பங்கு குறையும்), வேகம் விழும், கவர்னர் தூக்கிவிடும், மறுபடி விழும். த்ராட்டிலைத் திறந்ததும் உறிஞ்சல் குறைவதால் வண்டி ஒழுங்காக ஓடும். மெயின் ஜெட் (பெட்ரோல் அளவாக வரும் சிறு துளை) அடைத்திருந்தால் இதற்கு நேர்மாறு: ஐடிலிங் நன்றாக இருக்கும், பாரம் இழுக்கும்போது மூச்சு வாங்கும்.

உறுதி செய்ய, ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் கெட்டி கிரீஸை அப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரம் ஐடிலிங் சீரானால் காற்று அங்கேதான் நுழைகிறது. கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். இந்த என்ஜினில் சூடான மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்) கார்புரேட்டருக்கு மேலேயே இருப்பதால், தீப்பிடிக்குமென்று எனக்கு அதில் சம்மதமில்லை.

ஆட்டம் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், கிட் வாங்குங்கள். புதியதன் விலையில் சிறு பங்குதான். ஆட்டம் இருந்தால் கார்புரேட்டரின் மேல் பாதியை மட்டும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், துளையைப் பெரிதாக்கி புஷ் (உள்வளையம்) போட்டு, புது ஷாஃப்ட் மாட்டச் சொல்லுங்கள். தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்குருவின் முனையையும் கம்பெனியில் நசுக்கி விட்டிருப்பார்கள். நசுங்கிய முனையை அரத்தால் தேய்த்துவிட்டுத் திருப்புங்கள், இல்லையென்றால் உடையும். தகட்டின் விளிம்பு சரிவாக இருக்கும். கழற்றும் முன் எந்தப் பக்கம் மேலே என்று குறி போட்டுவிடுங்கள்.

பிரித்துக் கழுவும்போது வினிகரில் ஊற வைக்காதீர்கள், வார்ப்பிரும்பைத் தின்றுவிடும். கார்ப் கிளீனரில் ஊறவைத்து, ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரசர் காற்று விட்டு, மறுமுனையில் காற்று வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஜெட்டுக்குள் இரும்புக் கம்பி விடக்கூடாது. மெயின் நாசிலுக்கு அடியில் பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் புதியதைப் போட்டால் பெட்ரோல் அந்த வழியாகக் கசிந்து கலவை கெட்டியாகும் (பெட்ரோலின் பங்கு கூடும்). உள்ளே மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை. ஈயம் வைத்து அடைப்பதை விட வேறு ஃப்ளோட் போடுவது மேல்: உள்ளே பெட்ரோல் ஆவி இருந்தால் வெடிக்கும், ஈயத்தின் எடையில் மட்டமும் மாறும். மேல் பாதியைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ்கெட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவே 1/4 அங்குலம் வையுங்கள், இரண்டு பக்கமும் சமமாக. உங்கள் சொட்டு பெரும்பாலும், ஃப்ளோட் ஏறும்போது பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வைப் புதிதாகப் போடுவதோடும் இந்த அளவோடும் நின்றுவிடும்.

புதியதுதான் வேண்டும் என்ற நிலையும் உண்டு. தண்ணீர் உறைந்து கார்புரேட்டரின் கிண்ணம் (பெட்ரோல் நிற்கும் கீழ்ப் பாதி) வெடித்திருந்தால், நீடில் சீட்டின் மரை போயிருந்தால், புஷ் போட்டுத் தர அருகில் பட்டறையே இல்லையென்றால் வாங்கத்தான் வேண்டும். அப்போதும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதீர்கள். நான்கு ஸ்குருவையும் கழற்றி ஃப்ளோட் மட்டம் பாருங்கள், உள்ளே உலோகப் பிசிறு இருந்தால் ஊதித் தள்ளுங்கள். பழையதையும் எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். அதன் ஜெட்டும் நாசிலும் பல சமயம் புதியதில் வருவதை விடத் துல்லியமானவை.

எதை மாட்டினாலும் ட்யூனிங் ஒன்றுதான். கலவையைச் சரிசெய்யும் இரண்டு ஊசியையும் மெதுவாக உட்காரும்வரை திருப்பி (இறுக்கினால் சீட்டில் பள்ளம் விழும்), ஒரு சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். பக்கத்து ஐடில் ஊசி காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருப்பினால் கலவை கெட்டியாகும். அடியில் உள்ள மெயின் ஊசி பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருப்பினால் மெலியும். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலை முடித்துவிட்டு, வயலில் இறக்கிப் புல்வெட்டியை ஓடவிடுங்கள். பாரம் ஏறும்போது திணறினால் மெயின் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். கரும்புகை வந்தால் உள்ளே.